இரண்டாவது எட்டு

வாசகசாலைக்கு அம்பலவாணர் கொடுத்த கணினி, புதுப் பெட்டிக்குள் பழைய சாமான் என்று செயலாளர் செண்பகராமன் நாலு பேரிடம் சொல்லிவிட்டார். அம்பலவாணர் அன்றே வந்து அதன் முன் விறைப்பாக நின்றார்.

"ஸ்க்ரூவைக் கழத்தும். உள்ள இருக்கறத எல்லாரும் பாக்கட்டும்."

"கழத்த வேண்டாம் மாமா. கேட்டா அதுவே சொல்லும்," என்றாள், கூட வந்திருந்த ரெஜினா. மகன் தானாகத் தேடிக் கட்டிக்கொண்ட பெண். இரண்டு வருஷமாக அவர் அவளைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. கறுப்புத் திரையில் அவள் ஒரு வரி தட்டினாள். உள்ளே இருந்த ஒவ்வொன்றும் பெயரும் எண்ணுமாக வரிசையாக இறங்கி வந்தது. பழசு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. செண்பகராமன் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"மெமரி ரெண்டு இடத்துலயும் எட்டு எட்டு ஜிபின்னு காட்டுதே அண்ணாச்சி. நீங்க ஒரு எட்டுன்னுதான எழுதிக் குடுத்தீங்க?"

தூசியே இல்லாத விசைப்பலகையை ரெஜினா முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டி வீட்டிலிருந்து கிளம்பிய அன்று காலை அவள்தான் அதைத் திறந்துவைத்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். அம்பலவாணர் அவளையே சற்று நேரம் பார்த்தார்.

"நான் குடுத்தது ஒரு எட்டுதான். மத்தது அவ குடுத்தது. நன்கொடைப் பலகையில அவ பேரையும் எழுதும்."

"என்ன பேர் போடட்டும்?"

"ரெஜினா," என்றார் அவர், அறை முழுக்கக் கேட்கும்படி. "அம்பலவாணர் வீட்டு மருமகள்னு போடும்."