திருகு

துப்பாக்கிக்கு மூன்றாவது குழலையும் மாற்றியாச்சு. அப்படியும் இன்றைய போட்டியில் குண்டுகள் குறி அட்டையில் திசைக்கொன்றாகப் போயிருந்தன.

குளித்துவிட்டு வந்த லாய்ட், தன் பாயிண்ட் இருபத்திரண்டு ரகத் துப்பாக்கியைச் சமையலறை மேஜையில் மல்லாத்திப் போட்டு, அலுத்துப்போய் உட்கார்ந்தார். அமெரிக்காவின் ஐடஹோ மலையடிவாரத் துப்பாக்கிக் கிளப்பில் நாற்பது வருஷமாக நின்றபடி குறி பார்த்துச் சுடுகிறவர். அடுத்த சனிக்கிழமையும் இதே கதை என்றால் அணியில் அவருடைய இடம் போய்விடும்.

"சாப்பிடுற இடத்துல மறுபடியும் இந்தச் சனியனா?" என்றபடி மனைவி வில்மா காபியை வைத்தாள். கோப்பையில் பாதிதான் இருந்தது. இப்போதெல்லாம் பாதிதான் ஊற்றுகிறாள்.

"கிளப்புல அந்தக் கர்ட் என்ன சொல்றான் தெரியுமா? 'விசை, மரக்கட்டை, ஸ்கோப்பு எல்லாம் மாத்திட்டே. இனிமே சுடுற ஆளைத்தான் மாத்தணும்'ங்கிறான்."

"அவன் கிடக்கிறான், விடு."

"கோளாறு துப்பாக்கியிலதான் வில்மா. குழலைக் கட்டையோட பிடிக்கிற திருகு, ஒவ்வொரு வாரமும் இறுக்கிட்டுத்தான் போறேன். வீட்டுக்கு வந்து பார்த்தா லூஸ்!" அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் ஒரு நிம்மதி.

"அப்போ இன்னும் நல்லா இறுக்கு. அடுத்த வாரம் சரியாயிடும்."

லாய்ட் இறுக்கவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்துத் திருகின் மேல் வைத்தார்.

"நேத்து இதுமேல உன் நகப்பூச்சால ஒரு கோடு போட்டேன். நிறமில்லாதது, சும்மா பார்த்தாத் தெரியாது. இந்தச் சின்னத் துப்பாக்கி உதைக்கிற உதைக்குத் திருகு நகர்ந்தா, மயிரிழை நகரும். இது ரெண்டு சுத்து சுத்தியிருக்கு."

வில்மா கைத்துண்டை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"யாரோ கையால திருப்பினாத்தான் உண்டு. இந்த வீட்ல என்னை விட்டா நீதான்."

"ஆமா. நான்தான்."

லாய்ட் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு எழுந்தார். "அடிப்பாவி! பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே! ரெண்டு மாசமா ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது. நாற்பது வருஷத்தை ஒரு திருகுல காலி பண்ணிட்டியே!"

துப்பாக்கியை வாரி எடுக்கப் போனார். வில்மா குறுக்கே வந்து அவர் வலது கையைப் பிடித்து, தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்தினாள். அப்படியும் அந்தக் கையின் நடுக்கம் அடங்கவில்லை.

"நீ தோத்துட்டு வந்து குளிக்கப் போன பிறகுதான் தளர்த்தி வைப்பேன்," என்றாள்.

"நீ சுடும்போதெல்லாம் அது இறுக்கமாத்தான் இருந்துச்சு, லாய்ட்."