இருபத்தைந்து வண்டிகளில் ஒன்று

இறப்பதற்கு முந்தின மாலை, தண்டபாணி துணிக்கடை வாசலில் வண்டியை ஓரடி பின்னுக்கு எடுத்து, கதவு மனைவி சௌதாமினியின் காலடியில் வரும்படி நிறுத்தினார். “ஊர்ந்து போறதுக்கு ரேஸ் கார் எதுக்குங்க?” என்று வழக்கம்போலச் சலித்துக்கொண்டே ஏறினாள்.

உலகத்திலேயே இருபத்தைந்துதான் என்று கம்பெனி எழுதிக்கொடுத்து விற்ற வண்டி அது. சொந்தக்காரர் ஓட்டும் விதத்தைக் கற்றுக்கொண்டு, அவர் இல்லாதபோதும் தானாகவே அப்படியே ஓடும். அவர் போன பிறகு இரண்டு வருடமாக அதில்தான் அவள் போய்வந்தாள்.

இப்போது கம்பெனி, தண்டபாணி உட்பட அந்த இருபத்தைந்து பேரும் ஓட்டிய விதத்தை வைத்தே ஐயாயிரம் வண்டிகளைச் சந்தையில் இறக்கிவிட்டது. ஒவ்வொன்றும் அவர்களில் யாரோ ஒருவரைப் போல ஓடும். தங்கள் வண்டியின் விலை விழுந்ததென்று மற்ற சொந்தக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். சௌதாமினிக்கு விலை பெரிதில்லை. அவர் ஊரெல்லாம் ஓடுவதைத்தான் தாங்க முடியவில்லை.

ஒரு கல்யாண மண்டப வாசலில் வண்டி வந்து, ஓரடி பின்வாங்கி, அவள் காலடியில் நின்றது. பார்க்காமலே ஏறி உட்கார்ந்தாள்.

“யாருங்கம்மா நீங்க?” என்றாள் உள்ளேயிருந்த இளம்பெண்.

“எங்க வண்டின்னு நெனச்சுட்டேன் கண்ணு.”

“பரவால்லைங்க. ஆமையாட்டப் போகுதுங்க இது. நாளைக்கு வேற ஆள் ஓட்டறதை மாத்திப் போடச் சொல்லிட்டேன்.”

“அவரு ஓட்டுனா பயமே இருக்காது கண்ணு” என்றாள் சௌதாமினி. அவரிடம் ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது.

இறங்கித் தன் வண்டியில் வீடு திரும்பினாள். தெருமுனையில் அது வேகம் குறைத்து இடப்பக்கம் ஒதுங்கியது. அங்கிருந்த பள்ளத்தை மூடி ஒரு வருடமாகிறது.