மெர்வின் வீட்டுப் புல்தரை

கண்கட்டைப் பிரித்த கையோடு மெர்வின் போய் நிற்பது பின்வாசலில்தான். கண் அறுவைசிகிச்சைக்குப் பிறகு இரண்டு வாரம் மகள் வீட்டில் முடங்கிக் கிடந்துவிட்டு, இப்போதுதான் ஆஸ்திரேலியாவின் வறண்ட ஊரான போர்ட் அகஸ்டாவுக்குத் திரும்பியிருக்கிறார். காலை வெயில் தகரவேலியில் பட்டுத் தெறிக்கிறது. எத்தனையோ கோடைகள் குழாயும் கையுமாக நின்று அவர் காப்பாற்றிய குளிர்தேசத்துப் புல், இந்த வேலியிலிருந்து அந்த வேலிவரை வைக்கோல் நிறத்தில் கிடக்கிறது.

"கிளெனிஸ்! என் கண்ணு போச்சு! பச்சையே தெரியல!"

கை நிறைய சோப்பு நுரையோடு மனைவி ஓடிவருகிறாள். அவர் பதறிப்போய் எலுமிச்சை மரத்தைப் பார்க்கிறார். இலைகள் பச்சையாகத்தான் மின்னுகின்றன.

"கண்ணுக்கு ஒண்ணுமில்ல, மெர்வ்." அவள் குரல் இறங்குகிறது. "நான்தான் புல்லை மருந்தடிச்சுக் கொல்லச் சொன்னேன். அடுத்த வாரம் அருகம்புல் பதிக்க வர்றாங்க. அது வெயிலுக்குத் தாங்கும். இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு நீ தண்ணி விடப்போய் விழுந்து கிடந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா விட்டிருப்பியா?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியிறங்குகிறார். வெறுங்காலுக்கடியில் புல் மொறுமொறுவென்று நொறுங்குகிறது. அடுத்த அடி வைக்க அவருக்குக் கால் எழவில்லை.