வாய் திறக்காத பெட்டி

"கூடப் பிறந்தவன் குடும்பத்தைவிட இந்தப் பெட்டி உனக்குப் பெருசாப் போச்சா?" என்று அம்மா கேட்டாள்.

பெரியவன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தான். செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே பலகையில் அந்தப் பெட்டி பச்சை விளக்கோடு லேசாக முனகிக்கொண்டிருந்தது.

பல் செட் செய்யும் லேபில் அவனுக்கு வேலை. வீட்டுக்கு வந்தால் இந்தப் பெட்டிதான். பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சர்வராக மாற்றி, குடும்பத்தின் போட்டோ, மெசேஜ் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும்படி செய்திருந்தான். நம் வீட்டு விஷயத்தை எவனோ ஒரு கம்பெனிக்காரன் எதற்குப் பார்க்க வேண்டும் என்பான். சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் அவனை 'டப்பா' என்பார்கள்.

எதிரே சோபா நுனியில் சின்னவன். கசங்காத சட்டை, தாழ்ந்த குரல். அவன் மனைவி குழந்தையைக் கூட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. கைபோனைக்கூட மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

இன்று காலையில் பெட்டிக்குள் இருக்கும் குடும்ப ஆல்பத்தில் ஒரு போட்டோ வந்தது. முன்பல் விழுந்த வாயோடு பாப்பா சிரிக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போய்விட்டது. அதற்குள் சின்னவன் பார்த்துவிட்டான்.

"அவதான் போட்டிருக்கா. எங்கிருந்து போட்டாங்கறது உன் பெட்டிக்குத் தெரியும். அதை மட்டும் எடுத்துக் குடுண்ணா."

"தெரியாது. யார் வந்தா, எங்கிருந்து வந்தாங்கறதை அது எழுதி வைக்காது. நான்தான் அப்படி வெச்சிருக்கேன்."

"தெரிஞ்சா குடுப்பியா?"

"மாட்டேன்."

சின்னவன் கோபப்படவில்லை. பெற்ற பிள்ளையைத் தேடுவது குற்றமா என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் விசாரிக்கிறார்கள், நான் என்னவென்று சொல்லட்டும் என்றான். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. மூன்றாவது மனிதர் யாராவது இருந்திருந்தால் பெரியவனைத்தான் கல்நெஞ்சக்காரன் என்றிருப்பார்.

ஆனால் பெரியவனுக்கு ஒன்று தெரியும். ஒருமுறை தம்பி மனைவி, போன் ரொம்ப மெதுவாக இருக்கிறது என்று அவனிடம் கொண்டுவந்தாள். உள்ளே ஒரு ஆப் ஒளிந்திருந்தது. அவள் எங்கே போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று ஒன்றுவிடாமல் சின்னவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. எடுத்துவிடட்டுமா என்று கேட்டான். "வேண்டாம், எடுத்தா அன்னிக்கே தெரிஞ்சிடும்" என்றவள், முழுக்கைச் சட்டையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். வெயில் கொளுத்திய நாள் அது.

அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கோபமும் சேர்ந்து அவள் தலையில்தான் விடியும்.

"இதே ஒரு பெரிய கம்பெனியா இருந்தா, ஆளைப் பிடிச்சு இந்நேரம் வாங்கியிருப்பேன்" என்றான் சின்னவன்.

"அதனாலதான் அங்க வைக்கலை."

அம்மா எழுந்தாள். "இவன்கிட்ட என்னடா கெஞ்சிக்கிட்டு" என்று சின்னவனிடம் சொல்லிவிட்டு, நேரே போய் ஒயரைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. பெட்டியைத் தூக்கிச் சின்னவன் மடியில் வைத்தாள்.

"எடுத்துட்டுப் போ. விஷயம் தெரிஞ்சவன் எவன்கிட்டயாவது குடுத்துத் திறந்து பாரு."

பெரியவன் வாசலை மறித்து நின்றான். அம்மா அவன் மார்பில் கை வைத்துத் தள்ளினாள். வழி விடாவிட்டால் தானும் சின்னவனோடு கிளம்பிவிடுவதாகச் சொன்னாள். அவள் அவனை அப்படித் தள்ளியது அதுதான் முதல் தடவை. அவன் ஒதுங்கிக்கொண்டான்.

சின்னவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கென்று நீ ஒருத்திதான் இருக்கேம்மா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான்.

கார் தெருமுனை திரும்பும்வரை அம்மா ஜன்னலோரம் நின்றாள். பிறகு கதவைத் தாழ்போட்டாள்.

"உள்ளே இருக்கறதை எவனாலயும் படிக்க முடியாதுன்னு சொல்லுவியே, நிஜம்தானே?"

பெரியவன் முகத்தைத் திருப்பிக்கொண்டே, அதன் சாவி தன் மண்டைக்குள் இருக்கிறது, தம்பி கொண்டுபோனது வெறும் இரும்பு என்றான்.

"உன் சிநேகிதன் வீட்டுப் பெட்டியிலயும் எல்லாம் இன்னொரு பிரதி இருக்குன்னியே. இப்ப அது வழியா மெசேஜ் போகுமா?"

"போகும். தானா அதுக்கு மாறிக்கும். சிநேகிதனாலயும் படிக்க முடியாது. ஏன் கேக்கறே?"

அம்மா போனை எடுத்து ஒற்றை விரலால் எழுத்துக் கூட்டித் தட்டினாள். பெரியவன் எட்டிப் பார்த்தான். 'அவனுக்கு ஒண்ணும் தெரியாது. இருக்கிற இடத்திலேயே தைரியமா இரு. பாப்பா சாப்பிட்டாளா?' என்று தம்பி மனைவிக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவன் போனை வாங்கி இன்னொரு தடவை படித்தான்.

"வேற போன் வாங்கிக் குடுத்து அவளை பஸ் ஏத்திவிட்டதே நான்தான்" என்றாள் அம்மா. "அந்தப் போட்டோவும் எனக்குத்தான் அனுப்பினா. பெருசாக்கிப் பார்க்கறேன்னு எதையோ அமுக்கி, எல்லாரும் பார்க்கற இடத்துல போட்டுத் தொலைச்சேன். அழிக்கறதுக்குள்ள அவன் பார்த்துட்டான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. அவன் முன்னாடி என்னை ஏன் அப்படித் தள்ளினே?"

அம்மா அவன் பக்கத்தில் வந்து, தான் தள்ளிய இடத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

"இனிமே அவளைத் தேடி எங்க கிளம்பறதா இருந்தாலும், முதல்ல என்கிட்டதான் வந்து சொல்லுவான்."