மறுபடியும் வாங்க

"மறுபடியும் வாங்க சார்!"

உள்ளறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த முதலாளிக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டிப் பார்த்தார். கடையைவிட்டு இறங்கிப் போய்க்கொண்டிருந்தவர் வாத்தியார். யாரிடம் அந்த வார்த்தையைச் சொல்லவே கூடாதோ, அவர்!

"ஏம்மா, அவர் எதுக்கு வந்தார்னு தெரியுமா?"

"கட்டிலைத் திருப்பிக் கொடுக்க சார்."

"ஏன் கொடுத்தார்?"

"அவங்க அம்மா தவறிட்டாங்களாம் சார்."

"தெரிஞ்சுமா மறுபடியும் வாங்கன்னீங்க? அடுத்து அவர் வீட்ல யார் படுக்கையில விழணும்ங்கறீங்க?"

அன்று காலையில்தான் வேலைக்கு வந்திருந்த அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

நோயாளிகளுக்கான கட்டில், வீல்சேர், ஊன்றுகோல் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிற கடை அது. அம்மாளுக்கு அன்று ஒரு நாள் வெள்ளோட்டம். சரிப்பட்டு வந்தால் வேலை. இத்தனை வருஷம் துணிக்கடையில் புடவை விரித்துப் போட்டவர். அந்தக் கடையை மூடிவிட்டார்கள். "வீட்ல சம்பாதிக்கிறது நான் ஒருத்திதான் சார், இந்த வேலை கெடைச்சே ஆகணும்" என்று காலையில் கெஞ்சியதில் முதலாளி மனசு இளகிவிட்டார்.

இளகியது தப்பு என்று பத்து மணிக்கே தெரிந்துவிட்டது.

வீல்சேர் கேட்டு வந்தவரிடம், "வேற கலர் காட்டட்டுமா?" என்றார் அம்மாள். கால் உடைந்து ஊன்றுகோல் வாங்க வந்த பெண்ணிடம், "இது உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கும்மா" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டதால் பிழைத்தார்கள். இப்போது இது.

"இதோ பாருங்கம்மா, எல்லாக் கடையும் ஒண்ணு இல்ல. துணிக்கடைக்கு ஆசைப்பட்டு வருவாங்க. ஓட்டலுக்குப் பசிச்சு வருவாங்க. அவங்களை மறுபடியும் வாங்கன்னா சந்தோஷப்படுவாங்க. இங்க வர்றவங்க வேற வழியில்லாம வர்றாங்க. இந்தப் படியை மறுபடி மிதிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டே போறாங்க. வேலை தேடறவங்க முதல்ல அந்தக் கடைக்கு யார் வர்றாங்க, எதுக்கு வர்றாங்கன்னு தெரிஞ்சுக்க வேணாமா?"

"சரிங்க சார்."

"என்ன சரிங்க சார்?"

"தெரிஞ்சுக்கறேன் சார்."

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனார்.

மத்தியானம் வாத்தியார் கொடுத்துவிட்டுப் போன கட்டிலை நகர்த்தும்போது அடுத்த இடி விழுந்தது.

"கைப்பிடி எங்க?"

கட்டிலின் தலைப்பக்கத்தை ஏற்றி இறக்கச் சுற்றுகிற இரும்புக் கைப்பிடி. கழற்றி மாட்டுகிற மாதிரி இருக்கும். மாட்டியிருக்க வேண்டிய இடம் ஓட்டையாக இருந்தது.

"எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்து வாங்குங்கன்னு காலையில படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"கைப்பிடி இல்லாத கட்டிலை எவன் எடுப்பான்? சாவு விழுந்த வீட்டுக்கு போன் பண்ணி நான் இரும்புத் துண்டு கேக்கணுமா?"

போனை எடுத்தேவிட்டார்.

"வேணாம் சார். அவரே கொண்டாந்துடுவார்."

"உங்ககிட்ட சொன்னாரா?"

"இல்ல சார்."

"அப்புறம்? ஜோசியமா?"

அம்மாள் ஊன்றுகோல்களைத் துடைக்கப் போய்விட்டார். முதலாளிக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. இவரை உள்ளே விட்ட தன் மேலேயே கோபப்பட்டுக்கொண்டார்.

சாயங்காலம் அம்மாளைக் கூப்பிட்டு, அன்றைய சம்பளத்தைக் கையில் கொடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. துணிக்கடை பழக்கம் உங்களுக்கு ரத்தத்துல ஊறிப்போச்சு. இங்க சரிப்படாது."

அம்மாளின் முகம் வாடிவிட்டது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் வாத்தியார் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

முதலாளி அவசரமாக எழுந்தார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்!

"சார், மன்னிச்சுக்குங்க. புது ஆளு. மறுபடியும் வாங்கன்னு உங்ககிட்ட போய்ச் சொல்லிட்டாங்க. நான் அப்பவே கண்டிச்சேன். இப்ப வேலையைவிட்டே அனுப்பிட்டேன் சார்."

"அனுப்பிட்டீங்களா?"

வாத்தியார் பைக்குள் கையைவிட்டார். இரும்புக் கைப்பிடியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"காலையிலேயே கொடுத்திருக்கணும் சார். அம்மாவை உக்கார வைக்கறதும் படுக்க வைக்கறதும் இதைச் சுத்தித்தான். கட்டிலை வேன்ல ஏத்திட்டேன். இதை மட்டும் விட மனசு வரல. பைக்குள்ள ஒளிச்சு வெச்சுக்கிட்டேன்."

முதலாளி கைப்பிடியை எடுத்துப் பார்த்தார்.

"பை திறந்திருந்தது. அந்தம்மா பாத்துட்டாங்க. கேட்டா என்ன சொல்றதுன்னு எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. அவங்க ஒரு வார்த்தை கேக்கல சார். பையோட ஜிப்பை இழுத்து மூடிவிட்டாங்க. 'மறுபடியும் வாங்க சார்'னு மட்டும் சொன்னாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வீட்ல இதைக் கையில வெச்சுக்கிட்டு, அம்மா போனதுலேருந்து அடக்கி வெச்சிருந்ததையெல்லாம் இன்னிக்குத்தான் அழுது தீர்த்தேன்."

முதலாளி கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். தெருமுனையில் அந்த அம்மாள் பஸ் ஏறப் போனார். என்ன சொல்லிக் கூப்பிடுவது? மன்னிப்பா, வேலையா, எதை முதலில் சொல்வது? மூச்சிரைத்ததில் ஒரே ஒரு வாக்கியம்தான் வந்தது.

"அம்மா! நாளைக்கு மறுபடியும் வாங்க!"