எண் இல்லாத கடிகாரம்

“அசல்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க தம்பி. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

பெரியவர் மறுபடியும் கெஞ்சினார். மதிப்பீட்டாளர் நிமிரவில்லை. பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டே பிறந்தவர் போலிருந்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தால் கடிகாரத்துக்குள்ளேயே குடியேறிவிடுவார்.

ஏலப் பொருள்களைப் பார்வைக்கு வைத்திருந்த அந்தக் கூடத்தில், பனிக்கரடிகூடச் சால்வை கேட்கும் அளவுக்குக் குளிர். பெரியவருக்கு மட்டும் சட்டை வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“அதோ, கதவுகிட்ட நிக்கிறாளே, என் பொண்ணு. அசல்னு உங்க வாயால வந்தாத்தான் இனிமே என்னை அப்பான்னு கூப்பிடுவாளாம்.”

ஏலப் பொருள்களைப் பார்க்க வந்து பின்னால் நின்ற ஓர் அம்மாளுக்குக் கழுத்தைத் திருப்ப முடியாத அளவுக்கு நகை. வாயை மட்டும் திருப்பினாள். “பணம் வந்தா அப்பா, வராட்டி யாரோ. நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க.”



“ஐயா, இதுல வரிசை எண்ணே இல்லையே” என்றார் மதிப்பீட்டாளர்.

“முதல் மாதிரிக்கு எண் போட மாட்டாங்க தம்பி. கடைக்குப் போற சரக்குக்குத்தான் போடுவாங்க. இது சரியா ஓடுதான்னு பார்க்கறதுக்காகச் செஞ்சது. ஒண்ணே ஒண்ணு.”

“போலி செய்யறவனும் எண் போட மாட்டான்.”

“வேலைப்பாட்டைப் பாருங்களேன்.”

“பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அதான் சந்தேகமே.”

குறை இருந்தால் போலி, இல்லாவிட்டால் மகா போலி. இந்த நியாயத்தைக் கேட்டால் கடிகாரமே தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடும். பெரியவருக்குச் சிரிப்பு வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மதிப்பீட்டாளர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். “மன்னிச்சுக்குங்க. போலி. ஏலத்துலேர்ந்து எடுத்துடப் போறோம்.”

அது கதவு வரை கேட்டது. மகள் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். பெரியவர் அவள் போன திசையில் கையை நீட்டினார். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

“எதை வச்சுத் தம்பி சொல்றீங்க?” கிணற்றுக்குள்ளிருந்து வந்தது குரல்.

“இதை ஏலத்துக்குக் கொடுத்தவர் இந்தக் கடிகாரத்தைச் செஞ்ச கம்பெனி முதலாளியோட பையன். அப்பா செத்தப்புறம் அவர் பெட்டகத்துல கிடைச்சுதாம். எப்படிங்க கிடைக்கும்? அசல்தான் எப்பவோ களவு போயிடுச்சே. அங்க வேலை பார்த்த ஒருத்தன், நான்தான் எடுத்தேன், ஆத்துல வீசிட்டேன்னு போலீஸ்ல ஒத்துக்கிட்டு ஜெயிலுக்கும் போயிட்டான். இதைவிட வேற என்ன சாட்சி வேணும்?”

பெரியவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடி தாங்க முடியலை தம்பி. அதான் ஆத்துல வீசிட்டேன்னு சொல்லிட்டேன்.”