வாழைத்தண்டு ஞாயிறு

பரிதியின் வீட்டு அடுப்பு ஆளைப் பார்த்துத்தான் சமைக்கும். காலையில் அதன் கைப்பிடியை ஒரு நொடி பிடித்தால் போதும். உடம்பில் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று கண்டுகொண்டு, அவரவருக்கான காயை மதியம் சமைத்து வைத்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அவன் தட்டைத் திறந்தால் வாழைத்தண்டுப் பொரியல், வாழைத்தண்டுப் பச்சடி, வாழைத்தண்டு மோர்க்கூட்டு.

மனைவி தாரணி இடுப்பில் கைவைத்தாள். “ஏனுங்க, நேத்து பரோட்டாக் கடைக்குப் போனீங்களா?”

“ஒண்ணே ஒண்ணுதான் தின்னேன்.”

“ஒண்ணுக்கெல்லாம் இத்தனை தண்டு வைக்காதுங்க. மூணு தின்னிருப்பீங்க!”

பரிதி தலையைக் குனிந்துகொண்டு மென்றான். அவளுடைய அறிவுரை முடிவதற்குள் அடுப்பு மணியடித்து அவள் தட்டை நீட்டியது. அதைத் திறக்காமலே உள்ளறைக்கு எடுத்துப்போகப் பார்த்தாள். பரிதி எட்டி மூடியைத் தூக்கினான். பொரியல், பச்சடி, மோர்க்கூட்டு எல்லாமே வாழைத்தண்டு.

“எந்தக் கடை அம்மணி?”

தாரணிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அதே கடைதானுங்க. நீங்க மூணாவதுக்குச் சால்னா கேட்டப்ப, பக்கத்து மேசையில மெனு அட்டையால மூஞ்சிய மறைச்சிட்டு உக்காந்திருந்தது நான்தான்!”